மூளைத் திசு ஆக்சிஜன்: கம்பி சொன்ன எண்ணும் அதன் பிறகு நடந்ததும்

தாதி, சிங்கப்பூர்

மூளை ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவைக் கண்காணித்தவர்கள், கூட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மூளையின் ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, மூளைச் சவ்வுக்கு அடியில் ரத்தம் பரவி, நினைவிழந்து வருபவர்களில் சிலருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய கம்பி ஒன்றை மூளைக்குள் இறக்குவார்கள். அந்த இடத்துத் திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு என்று அது ஓயாமல் காட்டும். 20 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். போட்ட உடனே வரும் எண்ணை நம்பக்கூடாது. அது நிலைப்பட ஓரிரு மணி நேரமாவது ஆகும்.

ஐம்பதுகளில் இருந்த ஒருவரை மறக்க முடியவில்லை. கசிவு நடந்து ஏழாம் நாள். வெடித்த வீக்கத்தைச் சுருள்கம்பி வைத்து அடைத்தாகிவிட்டது. மண்டை உள்ளழுத்தம் 12, ரத்த அழுத்தத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் 26 இருந்த ஆக்சிஜன் மதியத்துக்குள் 13 ஆகிவிட்டது. கம்பி நகர்ந்திருக்கும் என்றார் இளம் மருத்துவர். நியாயமான சந்தேகம்தான். வென்டிலேட்டரில் சில நிமிடங்கள் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தோம். கம்பி பழுதாக இருந்தால் எண் அசையாது. விறுவிறுவென்று ஏறியது. அப்படியானால் குறைவு உண்மை.

ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 30. வென்டிலேட்டர் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உள்ளழுத்தம் பார்க்க அழகாக இறங்கும். திசுவுக்குப் போகும் ரத்தமும் கூடவே குறையும். வேகத்தைக் குறைத்ததும் 17. போதவில்லை. காய்ச்சல் இல்லை, ஹீமோகுளோபின் 9, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி.யில் வலிப்பின் அறிகுறி இல்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைக் கூட்டியதும் 19 வரை வந்து நின்றுவிட்டது. ஆஞ்சியோகிராம் எடுத்தால், வலப்பக்க நடுமூளைத் தமனி நூலாகச் சுருங்கியிருந்தது. அங்கேயே குழாய் வழியாக, தமனியைத் தளர்த்தும் நிமோடிபின் மருந்தைச் செலுத்தினார்கள். இரவில் 24.

பிழைத்தார். இடது கை முழுதாகத் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பி அளப்பது தன் நுனியைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டரை மட்டும்தான். மறுபக்க மூளை ரத்தமின்றி வாடிக்கொண்டிருக்கும்போது திரையில் 28 நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நோயாளியின் மகள், கோலாலம்பூர்

அப்பாவுக்கு இந்தக் கம்பி போட்டிருந்தார்கள். 20க்கு மேல் இருந்தால் அம்மா சாப்பிடுவார், இல்லாவிட்டால் பட்டினி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின் கொடுத்ததும் எண் சரியத் தொடங்குவதைக் கவனித்தேன். மருந்தே அவரைக் கெடுக்கிறதோ என்று பயந்து கேட்டுவிட்டேன். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மருந்து உடம்பு முழுக்க ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கும், அதனால்தான் இந்தச் சரிவு, ஆனால் நிறுத்த முடியாது, 21 நாள் கொடுத்தாக வேண்டும் என்றார். 60 மில்லிகிராமைப் பிரித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை 30 ஆகக் கொடுத்தார்கள். சரிவு வெகுவாகக் குறைந்தது. அப்பா இப்போது தானே நடந்து கோவிலுக்குப் போகிறார், பெயர்கள் மட்டும் சில நேரம் குழம்பும்.

மயக்கவியல் மருத்துவர், மதுரை

சகோதரி எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களிடம் அந்தக் கம்பி கிடையாது. ஆனாலும் அதற்கான ஆதாரம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் வெளிவந்த பூஸ்ட்-2 ஆய்வு, 119 பேரில், ஆக்சிஜன் குறைந்திருந்த நேரத்தைச் சுருக்க முடிந்தது என்று காட்டியது. 2023இல் பிரான்ஸின் ஆக்ஸி-டிசி ஆய்வில் ஆறு மாத முடிவில் பலன் தெரியவில்லை. இரண்டுமே தலைக்காய நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. ரத்தக்கசிவுக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது.

விழித்திருக்கும் நோயாளியிடம் பேசிப் பார்ப்பதற்கு ஈடான கருவி எதுவும் எனக்குத் தெரியாது. பள்ளி ஆசிரியை ஒருவர் எட்டாம் நாள் மாலை பதில் சொல்லவே யோசித்தார். ஸ்கேன் செய்து பார்த்தபோது புதிதாகக் கசிவோ, தேங்கிய நீரோ இல்லை. மண்டையோட்டு டாப்ளர் என்ற ஒலியலைப் பரிசோதனையில் ரத்த ஓட்ட வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது, தமனி சுருங்கியிருப்பதன் அடையாளம். ரத்த அழுத்தத்தை உயர்த்தினோம். நள்ளிரவுக்குள், தன்னை ஏன் தூங்கவிடவில்லை என்று எங்களைத் திட்டினார். ஆழ்மயக்கத்தில் இருப்பவரிடம் இந்த வழி செல்லாது. அங்கேதான் எனக்கு அந்தக் கம்பி வேண்டும்.

தாதி, சிங்கப்பூர்

உண்மை டாக்டர், பேசக்கூடியவருக்கு நாங்களும் கம்பி போடுவதில்லை. ஒரு சந்தேகம் உங்களிடம் கேட்க நினைத்தேன். எண் குறைந்தவுடன் வென்டிலேட்டரில் ஆக்சிஜனை மட்டும் ஏற்றி, 25 வந்ததும் திருப்தியாகிப் போய்விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சுருங்கிய தமனி சுருங்கியேதான் இருக்கும், எண் மட்டும் நன்றாகத் தெரியும். இரவுப் பணியில் இதை எப்படித் தடுக்கிறீர்கள்? எங்கள் வார்டில் ஆக்சிஜனை ஏற்றியவர் காரணத்தையும் தாளில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.