மேனிஃபோல்டு விரிசலும் பேஸ்ட்டும்: எங்கே பிடித்தது, எங்கே விட்டது

மேட்டுப்பாளையத்திலிருந்து:

அப்பா வாங்கிய 1995 மாடல் அம்பாசிடர் டீசலை இன்னும் ஓட்டுகிறேன். போன மார்கழியில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் டிக் டிக் என்று சத்தம். வண்டி சூடேறினால் நின்றுவிடும். வால்வைத் தள்ளும் டேப்பெட் என்று நினைத்து இரண்டு தடவை அதன் இடைவெளியைச் சரிபார்த்தோம், போகவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்) மேல்பக்கம் மயிரிழையாக ஒரு விரிசல், அதன் இரு கரையிலும் கரி. குளிர்ந்திருக்கும்போது வாய் திறந்திருக்கிறது, இரும்பு சூட்டில் விரிந்ததும் மூடிக்கொள்கிறது. சத்தம் நின்ற காரணம் அதுதான்.

முதலில் இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் ஸ்டீல் எபாக்ஸி வைத்தேன். கோத்தகிரி மலை ஏறி முடிப்பதற்குள் கருகி உதிர்ந்துவிட்டது. அந்த வகையில் பேர்போன ஜே-பி வெல்டே 288 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஏற்றத்தில் டீசல் புகையின் சூடு 500ஐத் தாண்டிவிடும்.

அடுத்து, 1000 டிகிரிக்கு மேல் தாங்கும் பேஸ்ட், தண்ணீரில் குழைத்த வகை. இந்த முறை அவசரப்படவில்லை. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டேன், அதற்குமேல் ஓடாமல் இருக்க. சின்ன கிரைண்டரால் விரிசல் நெடுக ‘வி’ மாதிரி பள்ளம் எடுத்து, எமரி போட்டு, தின்னரில் துடைத்தேன். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைக்க வேண்டும், அதில்தான் பாதி வேலை இருக்கிறது. மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒரு ராத்திரி காயவிட்டேன். காலையில் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் பத்து நிமிடம், ஆறவிட்டு மறுபடி இருபது நிமிடம். எடுத்த எடுப்பில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி பேஸ்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

ஏழு மாதம் சத்தமே இல்லை. போன வாரம் மறுபடி டிக் டிக். மலைக் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தோம், வீட்டம்மா தலை வலிக்கிறது என்றாள். கிளட்ச் பெடல் பக்கத்து ஓட்டை வழியாகப் புகை உள்ளே வந்திருக்கிறது. இதைத்தான் எல்லோரும் கவனிக்கச் சொல்கிறேன். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், புகையிலுள்ள விஷவாயு கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

மதுரையிலிருந்து:

அண்ணா, எனக்கு எபாக்ஸிதான் கைகொடுத்தது. என்னுடையது பெட்ரோல் வண்டி. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் (கூலன்ட்) ஓடும் அலுமினிய தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில், போல்ட்டை அதிகமாக இறுக்கியதில் விரிசல். அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டித்தான். முதல் தடவை கூலன்ட் ஊறியிருந்த உலோகத்தின் மேலேயே பூசி, இரண்டே நாளில் ஒழுகியது. ஹவுசிங்கைக் கழற்றி, அசிட்டோனில் கழுவி, வெயிலில் காயவைத்து, சொரசொரப்பாகத் தேய்த்துப் பூசினேன். ஒரு முழுநாள் தொடவில்லை. மூன்று வருடம் ஆகிறது, ஒரு சொட்டு இல்லை.

கோவையிலிருந்து, வெல்டிங் பட்டறை:

மதுரைத் தம்பி சொல்வது சரி. தண்ணீர் ஓடும் இடத்தில் ஒட்டு நிற்கும், நெருப்பு ஓடும் இடத்தில் அது கொஞ்ச நாள் தவணைதான். பேஸ்ட் காய்ந்தால் சட்டி ஓடு மாதிரி. இரும்பு தினமும் விரிந்து சுருங்குகிறது, ஓடு கூடவே விரியாது.

மேட்டுப்பாளையம் தம்பி, மேனிஃபோல்டைக் கழற்றிக் கொண்டுவாங்க. காஸ்ட் அயர்னை, அதாவது வார்ப்பிரும்பை, நேரே பற்றவைத்தால் வெல்டிங் தையலுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். முழுசாகச் சூடேற்றி, நிக்கல் வெல்டிங் ராடில் ஓர் அங்குலம் ஓட்டி, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அப்புறம்தான் அடுத்த அங்குலம். முடிந்ததும் சாம்பலில் புதைத்து மறுநாள்தான் எடுப்பேன். பேஸ்ட்டை ஒரு துளி விடாமல் சுரண்டிவிட்டு வாங்க, அது கிடந்தால் வெல்டிங் நுரைக்கும்.

இன்னொன்று. முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டியரிங் நக்கிளில் விரிசல் என்று ஒருவர் பேஸ்ட் டப்பாவோடு வந்தார். வண்டியை எடுக்க விடவில்லை, பட்டறையிலேயே நிறுத்தி வேறு நக்கிள் வரவழைத்து மாட்டினோம். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் எந்தப் பேஸ்ட்டும் போகக்கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

வருகிறேன் அண்ணா. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது, முறித்துவிடுவேனோ என்று பயம். சாயங்காலமே டீசல் ஊற்றி ஊறவைத்துவிட்டேன். விடிந்ததும் ஸ்பேனர் போடுகிறேன்.