இடுப்புப் பிடிப்புக்கு ரெண்டு மாத்திரை: சேர்த்துப் போடலாமா?

ஏற்காடு லோடு வேன்
மலையிலிருந்து காபி, மிளகு மூட்டைகளை சேலம் லீ பஜாருக்கு இறக்கும் வேன் ஓட்டுகிறேன். மூட்டையோடு திரும்பும்போது இடுப்பு மளுக்கென்று பிடித்துக்கொண்டது; குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. டாக்டர் டிசானிடின் 2 மி.கி. ராத்திரிக்கு மட்டும், அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. காலை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதினார். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 போடுவது அவருக்குத் தெரியும். மச்சான் தன் முழங்கால் வலி மாத்திரைப் பட்டையையும் நீட்டுகிறான், 'இதுதான் நல்லா கேக்கும்' என்று. இத்தனையும் போட்டால் கிட்னி போயிரும் என்கிறாள் வீட்டுக்காரி. என்ன செய்யட்டும்?

அஸ்தம்பட்டி மருந்துக்கடை
டாக்டர் எழுதிய ரெண்டையும் அவர் சொன்னபடி சேர்த்தே போடலாம்ங்க. அசிக்ளோஃபெனாக் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். டிசானிடின் தண்டுவடத்தில் வேலை செய்து இறுகிய தசையைத் தளர்த்தும். ரெண்டையும் ஒரே மாத்திரையாகவே விற்கிறார்கள்.

தகராறு மச்சான் பட்டையில்தான். பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், நாப்ராக்சென் எது இருந்தாலும் அசிக்ளோஃபெனாக்கின் பங்காளிதான். ரெண்டு பங்காளி ஒரே வயிற்றில் இறங்கினால் புண்ணும் ரத்தக்கசிவும்தான் கூடும்.

டிசானிடின் பிரஷரை இறக்கும், டெல்மிசார்டனும் இறக்கும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். வலி மாத்திரை நேர்மாறு, தொடர்ந்து போட்டால் பிரஷரை ஏற்றிவிடும். வீட்டம்மா பயத்திலும் நியாயம் இருக்கிறது. டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது. உங்கள் பிரஷர் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' இருந்தால் அதில் நீர் பிரியும் மருந்தும் கலந்திருக்கும். அப்படியானால் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. நீர்க்கடுப்புக்கு யாராவது சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் டிசானிடினோடு அது கூடவே கூடாது. டிசானிடின் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, ஆளைச் சாய்த்துவிடும்.

கொண்டை ஊசி 20
அண்ணே, ராத்திரி போட்டாலும் சிலருக்குக் காலையில் மப்பு இருக்கும். நம்ம ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, அதுவும் லோடோடு இறக்கம். முதல் நாள் வண்டி எடுக்காதீங்க, உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. ஸ்டியரிங்கில் கண் சொக்குவது நமக்கே தெரியாது. குவார்ட்டர் பக்கமும் போகாதீங்க. சளிக்கு செட்ரிசின் போட்டாலும் தூக்கம் கூடும்.

வாழப்பாடி நர்ஸ்
மலம் கறுப்பாகப் போனாலோ, முகம், கால் வீங்கினாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கால் மரத்துப்போய், ஒன்றுக்கு வராமல் அடைத்தால் மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரி.

ஏற்காடு லோடு வேன்
பட்டையைப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 325, குளோர்சாக்சசோன் 250. பிரஷர் பட்டையில் 'ஹெச்' இல்லை.

அஸ்தம்பட்டி மருந்துக்கடை
பார்த்தீர்களா, குளோர்சாக்சசோனும் தசை தளர்த்துவதுதான். வலி மருந்தும் இரட்டை, தூக்கம் வரவைக்கும் தசை மருந்தும் இரட்டை ஆகியிருக்கும். மச்சானிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஏற்காடு லோடு வேன்
சரிங்க. மேலே தேய்க்கிற டைக்ளோஃபெனாக் ஜெல்?

அஸ்தம்பட்டி மருந்துக்கடை
மாத்திரை அளவுக்கு அது ரத்தத்தில் சேராது. ஆனால் அதே இனம்தான், மாத்திரை ஓடும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜெல் தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம்.