'கீழவீடு' என்பதைக் குடும்பப் பெயராகக் கொள்ளலாமா?

கேள்வி:
வணக்கம். நாங்கள் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். எங்களை மூன்று தலைமுறையாகக் 'கீழவீட்டார்' என்றே ஊரார் அழைக்கிறார்கள். வெளிநாட்டில் படிக்கும் என் மகளிடம் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். அப்பா பெயரின் தலைப்பெழுத்து அங்கே போதவில்லை. அவளுடைய ஜப்பானியத் தோழியின் குடும்பப் பெயர் 'நிஷி'. அதற்கு மேற்கு என்று பொருளாம். அப்படியானால் 'கீழவீடு' என்று நாமும் எழுதலாமே என்கிறாள் மகள். 'கீழ' என்றால் தாழ்ந்தது என்றாகிவிடும், வேண்டாம் என்கிறான் என் தம்பி. எது சரி?

பதில் (தேவகோட்டையிலிருந்து):
ஐயா, தங்கள் தம்பி சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. கிழக்கு என்ற சொல் கீழ் என்பதிலிருந்தே பிறந்தது. 'இறுவரை காணின் கிழக்காம் தலை' என்னும் குறளில் கிழக்கு என்பது திசையன்று. தலை கீழே விழும் என்பதே பொருள். ஆனால் அந்தத் தாழ்வு நிலத்தின் தாழ்வேயொழிய மனிதரின் தாழ்வன்று. மேற்கே மலை உயர்ந்திருக்க, நிலம் கடலை நோக்கிச் சரிவதால், உயர்ந்த பக்கம் மேற்கு என்றும் இறங்கிய பக்கம் கிழக்கு என்றும் ஆயின. நம் ஊர்க் கண்மாய் நிறைந்தால் மறுகால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழச்சிவல்பட்டிக்காரர் எவரும் தம் ஊர்ப்பெயரால் குறைபட்டதில்லை.

பதில் (கொச்சியில் பணிபுரியும் காரைக்குடிக்காரர்):
மேலே சொன்னதற்கு மலையாளமே சான்று. கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே, கடல் இருப்பது மேற்கே. ஆயினும் அங்கும் உயர்ந்த திசையைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். ஆகவே இச்சொல் மலைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தவர்களிடம் உருவாகி அங்கே சென்றிருக்க வேண்டும் என்று கால்டுவெல் 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் வாதிட்டார். மேற்குக்கு அவர்கள் வழங்கும் 'படிஞ்ஞாறு' ஞாயிறு படியும் திசை என்னும் பொருளது. எனக்கு மிகவும் பிடித்த சொல். 'கிழக்கேதில்', 'படிஞ்ஞாறேதில்' என்ற வீட்டுப் பெயர்களை இங்கே பலர் தம் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள்.

பதில் (பள்ளத்தூரிலிருந்து):
ஜப்பானில் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்ற ஆணை 1875-இல்தான் வந்தது. அங்கே நிஷி மேற்கு, கித்தா வடக்கு, மினாமி தெற்கு. மூன்றும் குடும்பப் பெயர்களே. 1770 முதல் 1782 வரை பிரிட்டனின் பிரதமராயிருந்தவரின் குடும்பப் பெயரும் 'நார்த்', அதாவது வடக்கு. ஆகவே தயக்கம் வேண்டாம். பெரியவீட்டுக்குக் கிழக்கே குடியிருந்ததால் வந்த பெயரா என்பதை மட்டும் வீட்டிலுள்ள அப்பத்தாவிடமோ பெரியவர்களிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ழகரத்தை வேற்றெழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால், கடவுச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். தம்பியின் பிள்ளைகளுக்கும் அதையே வையுங்கள்.