பிரெஞ்சுக் கடலோர ஊர்களில் உங்கள் மனதை விட்டு அகலாத ஒன்று

கடலோடி:
சான் மாலோவில் கிராண்ட் பே தீவுக்குப் போகும் கல்பாதை, கடல் வற்றும்போது மட்டும்தான் வெளியே வரும். போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே இருக்கும் பிரெஞ்சு எழுத்தாளர் ஷாத்தோபிரியான் கல்லறையைப் பார்த்துவிட்டு நாங்கள் கரையேறிய நேரம், ஓர் இளம் தம்பதி தள்ளுவண்டியில் குழந்தையோடு எதிரே வந்தார்கள். பாதை முழுசாகத் தெரிகிறது, ஓரங்களில்தான் ஈரம். அங்கே நின்றிருந்த ஒரு முதியவர், உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், வண்டிக்குக் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். அவர் பேசிய பிரெஞ்சு அவர்களுக்குப் புரியவில்லை. கணவர் கோபத்தில் அவர் கையைத் தட்டிவிட்டார். பெரியவர் நகரவே இல்லை. கடிகாரத்தைக் காட்டினார், கடலைக் காட்டினார், ஆறு விரலை நீட்டினார். போனால் ஆறு மணி நேரம் தீவிலேயே உட்கார வேண்டிவரும் என்கிறார். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். நாங்கள் கால் மணலைத் தட்டி ஷூ போட்டு முடிப்பதற்குள் பாதையின் நடுப்பகுதியைக் காணோம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் அங்கே உண்டு. அந்த மனிதருக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முத்தியால்பேட்டை:
சான் மாலோ என்றாலே எல்லோரும் கல்லறை, கோட்டைச் சுவர் என்றுதான் எழுதுகிறீர்கள். 1746இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர் அது! 1748 உடன்படிக்கைக்கு அப்புறம்தான் ஆங்கிலேயருக்குச் சென்னை திரும்பக் கிடைத்தது. நம்மவர்கள் அந்த ஊரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

என் அனுபவம் லொரியானில். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் உருவான துறைமுகம். படகில் எதிர்க்கரைக்குப் போனால் போர் லூயி கோட்டை, அதற்குள் கம்பெனியின் அருங்காட்சியகம். அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். தாத்தா தறி நெய்தவர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூவேலைப் பருத்தித் துணி ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. அம்மா கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து ஒரு கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கையால எழுதினது. இந்த இடத்துல கோடு தடிச்சிருக்கு பாரு, எழுதினவர் கை கொஞ்சம் நின்னிருக்கு" என்றார். விவரப் பலகையில் கரையின் பெயர் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை.

வதனி, பாரிஸ்:
எத்ரெத்தாவில் எங்களுக்கு நடந்தது சின்ன விசயம்தான். வற்று நேரம், பாறை வளைவுக்குக் கீழே நடக்கிறோம். முன்னால் முஷ்டியளவு சுண்ணாம்புக்கல் மேலிருந்து விழுந்து மாவாகச் சிதறியது. மகளின் கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளை. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

இனிப் போகிறவர்கள் கேளுங்கோ. கடலோடித் தம்பி சொன்ன பெரியவரை நம்பிப் போக முடியாது. சுற்றுலா அலுவலகத்தில் ஏற்ற வற்ற அட்டவணை இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்தால் காணாது, பக்கத்தில் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும், கோஎஃபிசியான் என்பார்கள். 100ஐத் தாண்டினால் கடல் வெகு தூரம் வற்றும், திரும்பி வரும்போதும் விறுவிறென்று வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் இது கூடும், அதிலும் மார்ச், செப்டம்பரில் மிக அதிகம். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள், சில அட்டவணைகளில் அந்த ஒரு மணியை நீங்களே கூட்டவேண்டும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கோ. பாறை விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், நிற்கிற இடத்துக்கு அடியிலேயே கடல் அரித்திருக்கும். கூழாங்கல் பொறுக்கவும் கூடாது. அலையின் வேகத்தை உடைத்து ஊரைக் காப்பது அந்தக் கற்கள்தான், எடுத்தால் அபராதம்.

தென்கரை:
அக்கா, இத்தனை அட்டவணை எதற்கு? தெற்கே வாருங்கள். மத்தியதரைக் கடலில் ஏற்ற வற்றம் கண்ணுக்கே தெரியாது. கொல்லியூரில் 1905 கோடையில் மத்தீஸும் தெரானும் வரைந்த இடங்களிலேயே அந்த ஓவியப் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒரு நெத்திலிக் கடை. அங்கே ஓர் அம்மா உப்பில் ஊறிய மீனைக் கட்டைவிரலால் பிளந்து, முள்ளை ஒரே இழுப்பில் எடுத்து, எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் அடுத்ததை எடுத்தார். அந்த விரல் வேகத்தை எந்த ஓவியத்திலும் நான் பார்க்கவில்லை.

வதனி, பாரிஸ்:
சரி, ஏற்றம் இல்லை. காற்று? கொல்லியூர்ப் பக்கம் திராமொந்தான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலையே இருக்காது, பார்த்தால் அமைதியாகத் தெரியும். ரப்பர் மெத்தையில் பிள்ளைகளை விட்டால் அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். அதையும் சேர்த்து எழுதுங்கோ தம்பி.