பழைய எச்ஓ வேகனை பாக்ஸ்என் ஆக்கணும், பெயிண்ட் வெள்ளையா பூக்குது

ஜோலார்பேட்டை_பையன் (செங்காங், சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு ஜோலார்பேட்டை, ஜங்ஷன்ல நிலக்கரி ரேக் போறதப் பாத்தே வளந்தவன், அதுல வர்ற மேல்மூடி இல்லாத பாக்ஸ்என் வேகன் மாடல் ஒரு வரிசை வீட்ல ஓடணும்ங்கறது ரொம்ப நாள் ஆசை. இப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒரு அமெரிக்கன் ஓப்பன் வேகன் கெடச்சிருக்கு, எச்ஓ ஸ்கேல் மாடல் (நெஜத்துல 87-ல ஒரு பங்கு), 40 அடி டைப், பச்சைக் கலர். அதுல ரெட் ஆக்சைடு கலர் அடிச்சு நம்பர் ஒட்டினா பாக்ஸ்என் மாதிரி வந்துருமான்னு கேக்கணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, வீடு வீவக (அரசாங்க அடுக்குமாடி) நாலறை, பசங்க தூங்கினப்புறம் ராத்திரி சமையக்கட்ட ஒட்டின சர்வீஸ் யார்டுல ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு ஸ்ப்ரே கேன்ல ப்ரைமர் (அடிக்கோட்) அடிச்சேன், காஞ்சதும் பாத்தா வெள்ளை வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி இருக்கு. கேன் புதுசு, நல்லாதான் குலுக்கினேன். இதுக்கு மேலயே அடிச்சிடலாமா, இல்ல பழைய பச்சையோட சேத்து எல்லாத்தையும் எடுக்கணுமா? எடுக்கணும்னா எதுல எடுக்கறது?

ஈசூன்_மீனா

தம்பி, கேன் மேல தப்பில்ல, நேரம்தான் தப்பு. இங்க காத்துல ஈரப்பதம் வருஷ சராசரியே 82 சதவீதம் பக்கம், ராத்திரி ஏற ஆரம்பிச்சு விடியறதுக்கு முன்னாடி 90-ஐத் தாண்டிடும், மழை இல்லாத நாள்ல மத்தியானம்தான் 60 பக்கம் இறங்கும். ஸ்ப்ரே கேன்ல இருக்கற தின்னர் சட்டுன்னு ஆவியாகும்போது பிளாஸ்டிக் மேல்பக்கம் குளுந்து போகுது, அதுல காத்து ஈரம் படிஞ்சு பெயிண்டுக்குள்ளயே மாட்டிக்குது, மைலோ பெங் (ஐஸ் போட்ட மைலோ) டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதே அதேதான். அதனால ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல வெயில் இருக்கறப்ப அடிங்க. ஏர்கான் ரூம்ல இருந்து வேகன எடுத்துட்டு வந்து உடனே அடிக்காதீங்க, இத நெறைய பேர் யோசிக்கறதே இல்ல, ஜில்லுன்னு இருக்கற பிளாஸ்டிக்ல ஈரம் இன்னும் வேகமா படியும். வெளிய ஒரு மணி நேரம் வெச்சுட்டு அடிங்க.

சர்வீஸ் யார்டுன்னா பக்கத்துலயே கேஸ் அடுப்பு இருக்கும், ஸ்ப்ரே கேன்ல வர்ற வாயு தீப்பிடிக்கும், அடிக்கறப்ப அடுப்பு அணைஞ்சிருக்கணும், அடிச்சு முடிச்ச கையோட பத்த வைக்கவும் கூடாது. காரிடார்ல போய் அடிக்கறதும் வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நாத்தம் போகும். முடிஞ்சா ஏர்பிரஷ்ஷுக்கு மாறிடுங்க, தண்ணில கரையற அக்ரிலிக்கா இருந்தா இந்த வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் வராது, வாசனையும் கம்மி, காத்து அழுத்தம் 15-ல இருந்து 20 பிஎஸ்ஐ போதும். எதுல அடிச்சாலும் மாஸ்க் போடுங்க, கேன்னா கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க், சாதா சர்ஜிக்கல் மாஸ்க் பத்தாது.

எடுக்கறதுன்னா மொத்தமா எடுத்துருங்க. பச்சை, அதுமேல ப்ரைமர், அதுமேல ரெட் ஆக்சைடுன்னு ஏத்திட்டே போனா ரிவெட் எல்லாம் மொழுகிப் போயிரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், மூடி போட்ட டப்பால வேகன் பாடிய முக்கி ரெண்டு மணி நேரம் விடுங்க, அப்பறம் பழைய டூத்பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க, பச்சை உரிஞ்சு வரும். வராத எடத்துக்கு மறுபடி முக்கிப் பாருங்க. மொதல்ல வேகன் அடிப்பக்கம் ஒரு சொட்டு வெச்சு டெஸ்ட் பண்ணிக்கோங்க. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், லாக்கர் தின்னர் இதெல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க, வேகனோட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கரைஞ்சிரும்.

வீல்செட்

அக்கா பெயிண்ட் பத்தி சொன்னது அத்தனையும் சரி, ஆனா தம்பி, பெயிண்டுக்கு முன்னாடி ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க. பாக்ஸ்என் நெஜத்துல குட்டையான வேகன், கப்ளர்ல (வேகன் கோக்கற கொக்கி) இருந்து கப்ளர் வரைக்கும் 10.713 மீட்டர், பாடி மட்டும் 9.784 மீட்டர். 87-ஆல வகுத்தா பாடி 11.2 சென்டிமீட்டர்தான் வரும். உங்ககிட்ட இருக்கற 40 அடி வேகன் 14 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் நீளம் ஜாஸ்தி, உயரமும் பத்தாது. பாக்ஸ்என் அகலமும் தண்டவாளத்துல இருந்து உயரமும் ரெண்டுமே 3.2 மீட்டர் சுமாருக்கு, அதாவது முன்னாடி நின்னு பாத்தா சதுரமா தெரியும், அந்தக் கட்டையான நெஞ்சு நிமித்தின தோற்றம்தான் பாக்ஸ்என். அது இல்லாம எந்தக் கலர் அடிச்சாலும் ஊர்ல ரேக் பாத்தவன் கண்ணு ஒத்துக்காது. நீங்க ஜங்ஷன்ல வளந்தவரு, ஒங்க கண்ணே ஒத்துக்காது.

அதுக்காக அந்த வேகன் வீணில்ல, போகிய (சக்கரம் மாட்டின அடிச்சட்டம்) எடுத்துக்கலாம். பாக்ஸ்என்ல இருக்கற காஸ்நப் போகி அமெரிக்கன் மூணு துண்டு போகி வம்சம்தான், சைடுல பாத்தா ஒரே ஜாடை. வீல் மட்டும் மாத்தணும், நெஜ வீல் 1 மீட்டர் விட்டம், மாடல்ல 11.5 மி.மீ., அமெரிக்கன் 33 இஞ்ச் வீல் 9.6 மி.மீ.தான் இருக்கும், ரொம்ப சின்னதா தெரியும். 36 இஞ்ச் மெட்டல் வீல் போட்டா 10.5 வரும், ஓரளவு ஒக்கும். பாடிய 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்ல வெட்டி ஒட்டிடுங்க, சைடுல நிக்கற பட்டைக்கு ஸ்ட்ரிப் கெடைக்குது. பட்டை எத்தனை, கதவு எங்கன்னு நேரா சைடுல இருந்து எடுத்த போட்டோவப் பாத்து எண்ணுங்க, ஞாபகத்துல இருந்து ஒட்டாதீங்க.

பூன்லே_அங்கிள்

நான் பண்றது கேடிஎம் (மலேசிய ரயில்வே) வேகன், மீட்டர் கேஜ், 1:87-ல 12 மி.மீ. தண்டவாளம். 2011 ஜூன் 30 ராத்திரி இங்க தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல இருந்து கடைசி ரயில் போனப்பறம் இங்க பாத்து அளக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சல, பழைய போட்டோவ வெச்சுதான் வேலை, அதனால ரயில் இன்னும் ஓடிட்டு இருக்கற ஊர்க்காரங்க நல்லா போட்டோ எடுத்து வெச்சுக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன். தம்பி, இந்தியன் பிராட் கேஜ் 1676 மி.மீ., கணக்குப்படி 19 மி.மீ.க்கு மேல வரணும், நீங்க ஓட்டப்போறது எச்ஓவோட 16.5 மி.மீ. தண்டவாளத்துல. அத நெனச்சு மனசு கஷ்டப்படாதீங்க, சைடுல இருந்து பாக்கறப்ப தெரியாது, 19-க்கு பாயிண்ட் (தடம் பிரியற எடம்) எல்லாம் கையில செஞ்சுட்டு இருந்தா வேகன் எப்ப செய்யறது.

வெயிட் பத்தி யாரும் சொல்லல. காலி ஸ்டைரீன் பாடி காத்துல பறக்கற மாதிரி இருக்கும், வளைவுல சாஞ்சிரும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்கு எச்ஓவுக்கு 28 கிராம், அதுக்கு மேல ஒவ்வொரு இஞ்ச் நீளத்துக்கும் 14 கிராம். உங்க பாடிக்கு ஏறக்குறைய 90 கிராம் வரும். ஓப்பன் வேகன்ல எங்க ஒளிக்கறதுன்னா நிலக்கரி லோடுக்கு அடியில. ஈயக் குண்டு போட்டு பிவிஏ பசைய (வெள்ளைப் பசை) ஊத்தாதீங்க, ஈயம் அதோட வினையாகி வருஷக் கணக்குல மெதுவா உப்பும், பாடிய வெடிக்க வெச்சிரும். இரும்பு நட்டு போதும். போகி ஸ்க்ரூ ஒண்ண பக்கவாட்டுல ஆடாத அளவுக்கு டைட்டா வைங்க, இன்னொண்ண லூசா விடுங்க, அப்பதான் நாலு ஆக்சிலும் தண்டவாளத்துல உக்காரும். ஓட்டிப் பாத்து, ரிவர்ஸ்ல தள்ளிப் பாத்து, அப்பறம் பெயிண்டுக்குப் போங்க.

ஜோலார்பேட்டை_பையன்

அங்கிள், அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. இப்பதான் அளந்தேன், அண்ணன் சொன்னது கரெக்ட், 14 இருக்கு. ஸ்டைரீன்லயே புதுசா செஞ்சிடறேன், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் சனிக்கிழமை போறேன். அப்ப நம்பரு? வீட்டு பிரிண்டர்ல வெள்ளை எழுத்து வராதே.

வீல்செட்

வராது. வெள்ளை டோனர்ல டீக்கால் (தண்ணில நனைச்சு ஒட்டற மெல்லிசு ஸ்டிக்கர்) அடிச்சுத் தர்றவங்க இருக்காங்க, இல்ல வெள்ளை எழுத்து நம்பர் டீக்கால் ஷீட் வாங்கி ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டணும், பொறுமை வேணும் ஆனா நல்லா வரும். நம்பர இஷ்டத்துக்கு வைக்காதீங்க, 11 இலக்கம். மொத ரெண்டு வேகன் வகை, ஓப்பன் வேகன்னா 10-ல இருந்து 29-க்குள்ள, அடுத்த ரெண்டு எந்த ரயில்வே, சதர்ன்னா 06, அடுத்த ரெண்டு செஞ்ச வருஷம், அப்பறம் நாலு தனி நம்பர், கடைசி ஒண்ணு சரிபாக்கற இலக்கம். இரட்டைப்படை இடத்துல இருக்கற இலக்கங்களக் கூட்டி மூணால பெருக்கி, ஒத்தைப்படை இடத்து இலக்கங்களயும் சேத்தா வர்ற தொகை பத்தால வகுபடணும், அதுக்கு எவ்ளோ கொறையுதோ அதான் அந்தக் கடைசி இலக்கம். எழுத்து ஹிந்தியிலயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், கீழ பிஓஎச் (குறிப்பிட்ட கால இடைவெளில பண்ற பெரிய பராமரிப்பு) தேதியும், அதுக்கு மறுபடி வரவேண்டிய ரிட்டர்ன் தேதியும் சின்னதா ஸ்டென்சில் பண்ணியிருப்பாங்க, பழசு மேல பெயிண்ட் தடவி புதுசு எழுதுவாங்க, அந்த ஒரு சின்னச் சதுரம் மட்டும் மத்த பாடிய விட புதுப் பெயிண்டா பளிச்சுன்னு தெரியும். அத மட்டும் பண்ணிட்டீங்கன்னா வேகனுக்கு உயிர் வந்துரும்.

ஈசூன்_மீனா

டீக்காலுக்கு முன்னாடி க்ளாஸ் கோட் (பளபளப்பு கோட்) அடிக்க மறந்துராதீங்க தம்பி. மேட் (பளபளப்பு இல்லாத) பெயிண்ட் மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டி ஓரமெல்லாம் வெள்ளிக் கலர்ல மினுங்கும். க்ளாஸ், டீக்கால், மைக்ரோ சால் (டீக்கால இளக வெச்சு படிய வைக்கற திரவம்), நல்லா காஞ்சதும் மேட் கோட், அதுக்கப்பறம்தான் கரித்தூசி, துரு எல்லாம். இதுல க்ளாஸும் மேட்டும் ஸ்ப்ரே கேனா இருந்தா அதுவும் மத்தியான வேலைதான்.