வீங்கிய கெப்பாசிட்டர்கள்: மதர்போர்டைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி:
நான்காம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட என் கணினி பத்து நிமிடங்களில் தானாக அணைந்துவிடுகிறது. திறந்து பார்த்தபோது, ரேம் அருகே மூன்று கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு உருளைகள்) தலை உப்பியிருந்தது. மகளின் படிப்பு இதையே நம்பியிருப்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது. போர்டையே மாற்றிவிடலாமா?

பதில் 1:
கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றுங்கள். உங்கள் செயலி பொருந்தும் எல்ஜிஏ 1150 சாக்கெட் போர்டு, பெயர்பெற்ற நிறுவனங்களிடமிருந்து புதிதாகக் கிடைப்பது அரிது. இன்றைய போர்டு வாங்கினால் செயலியையும் டிடிஆர்3 ரேமையும் சேர்த்தே மாற்ற நேரும். புதியவை அதே மைக்ரோஃபாரட் (மின்தேக்கும் திறன்) அளவிலும், வோல்ட் அளவு குறையாமலும், 105 டிகிரி தாங்கும் குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையாகவும் இருக்க வேண்டும்.

பதில் 2:
அதற்கு முன், நல்ல நிலையிலுள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இணைத்துப் பாருங்கள். போர்டு கருகி, உள்ளடுக்குத் தடங்கள் அறுந்திருந்தால் மட்டும் பழுதுபார்க்கச் செலவிட வேண்டாம்.

கேட்டவர்:
எஸ்எம்பிஎஸ் மாற்றியும் அணைகிறது; கருகல் எதுவும் இல்லை. நாளையே கெப்பாசிட்டர்களை மாற்றக் கொடுக்கிறேன், மிக்க நன்றி.