மரத்துக்குப் பின்னால் நின்றவர்

‘தி ஆபிஸ்’ தொடரில் மைக்கேல் ஸ்காட் காட்டுக்குப் போகும் எபிசோடை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். நான்காவது சீசன், 2007 நவம்பர் 8 அன்று வந்தது. மைக்கேலாக நடிக்கும் ஸ்டீவ் கரேலே எழுதியது. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. அமெரிக்காவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில் ஒரு பேப்பர் கம்பெனிக் கிளை, அதற்கு மேனேஜர் மைக்கேல். மேலிடத்தில் இருக்கும் ரயன் சிலரைக் காட்டு முகாமுக்குக் கூட்டிப்போகிறான். மைக்கேலுக்கு அழைப்பில்லை. அவருக்குக் கண்ணில் கண்டாலே ஆகாத டோபிக்கு அழைப்பு உண்டு! ரோஷத்தில் ஒரு கத்தி, ஒரு சுருள் டக்ட் டேப்போடு, உடுத்திய துணியோடு, தனியாகக் காட்டில் இருந்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். கொண்டுபோய் இறக்கிவிடுவது அவருடைய விசுவாசி டுவைட்.

நல்ல பேண்ட்டைக் கத்தியால் அறுத்து அரைக்கால் சட்டையாக்குவார். அப்புறம்தான் குளிரும் என்று உறைக்கும். இதற்கெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவே இல்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து சப்டைட்டில் படித்துப் படித்து என்னோடு இந்தத் தொடரைப் பார்க்கிறார். மைக்கேல் பசி தாங்காமல் ஏதோ ஒரு காளானைப் பறித்து வாயில் போடப் போவார். அதுவரை தூரத்தில் ஒளிந்து கண்காணித்துக்கொண்டிருந்த டுவைட் கத்திக்கொண்டே ஓடிவந்து தடுப்பான். இறக்கிவிட்டவன் போகவே இல்லை, அங்கேயே இருந்திருக்கிறான்.

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நானும் அன்னிக்கு அஞ்சாவது மலை வரைக்கும் வந்தேன்டா” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிளஸ் டூ முடித்த வருஷம் நானும் இரண்டு நண்பர்களும் வெள்ளியங்கிரி ஏறினோம். வீட்டில் பெரியவர்கள் துணை இல்லாமல் போன முதல் பயணம். ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கிய அனுமதி. ராத்திரி ஏறி, ஏழாவது மலையில் காற்றில் நடுங்கி, மறுநாள் இறங்கி வந்தால் அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் அப்பா! “இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே உங்களையும் கூட்டிட்டுப் போலாம்னு” என்றார். பக்கத்தில் ஒரு மூங்கில் தடி சாத்தியிருந்தது. மலை ஏறியவர்களுக்குத் தெரியும், வாங்கும்போது தடியின் அடி மொழுக்கென்று இருக்கும், கல்லில் ஊன்றி ஊன்றி இறங்கி வருவதற்குள் பிரிந்து துடைப்பக்கட்டை மாதிரி ஆகிவிடும். அப்பாவின் தடி துடைப்பமாகத்தான் இருந்தது. அது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. அன்று முழுக்க நண்பர்களிடம் “பார்த்தியா, தனியா ஏறிட்டோம்” என்று பீற்றிக்கொண்டேன்.

ஏன் அஞ்சோடு நின்றீர்கள் என்று கேட்டேன். “முட்டி வலி. அதுக்கு மேல நீங்க பார்த்துக்குவீங்கன்னு தோணுச்சு” என்றார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். காட்டில்தான் நடந்திருக்க வேண்டும் என்றில்லை.

பதில் 1

அண்ணே, எல்லாரும் காட்டைப் பற்றிச் சொல்வார்கள், நான் அதே எபிசோடின் ஆபிஸ் பாதியில் மாட்டினவன். மைக்கேல் இல்லாத அன்று பொறுப்பு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஜிம் கையில். மாதத்துக்குப் பல பிறந்தநாள் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே பார்ட்டியாக முடிக்கலாம் என்று கணக்குப் போடுவான். ஆளாளுக்கு முறைத்துக்கொள்வார்கள்.

நான் டீம் லீடான முதல் மாதம் அச்சு அசல் இதையே செய்தேன். மூன்று பேருக்கு ஒரு கேக். ஒருவருக்கு முட்டை ஆகாது, இன்னொருவருக்கு அன்றைக்கு விரதம், மூன்றாமவர் தன் பெயரைக் கடைசியில் எழுதியதற்கு இரண்டு நாள் பேசவில்லை. எங்கள் பழைய மேனேஜரிடம் போய்ப் புலம்பினேன். அவர் செய்யும் கூத்தையெல்லாம் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்தவன் நான்தான். மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. “எனக்கும் இப்படித்தான் ஆச்சு, வா, வடை சாப்பிடலாம்” என்றார். எபிசோடு முடிவில் ஜிம்மும் மைக்கேலும் உட்கார்ந்து பேசுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த கேன்டீன் மெதுவடைதான் ஞாபகம் வரும்.

பதில் 2

எனக்கு அப்பா இல்லை, பெரியப்பா வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனால் டுவைட்டை விட மைக்கேல் மேல்தான் எனக்குப் பாசம்.

காட்டு எபிசோடுக்கு முன்னால் இரண்டாவது சீசனில் (2006) ஆபிஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் நாள் ஒன்று வரும். மைக்கேல் சின்ன வயதில் தலைகாட்டிய குழந்தைகள் நிகழ்ச்சியின் வீடியோவைப் போட்டுக் காட்டுவார். பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்டால், கல்யாணம் செய்து நூறு பிள்ளை பெறுவேன், அப்போதுதான் நூறு நண்பர்கள் இருப்பார்கள், யாரும் என்னோடு சேர மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பான் அந்தப் பையன். அறையில் ஒருவருக்கும் பேச்சு வராது. முகாமுக்குக் கூப்பிடவில்லை என்று ஒரு மனுஷன் காடேறுவது வெறும் கோமாளித்தனமாக எனக்குப் படாமல் போனதற்கு அந்தப் பையன்தான் காரணம்.

பெரியப்பாவுக்கும் அந்தக் குணம் உண்டு. தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதினாலும் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் இவர் சட்டைப்பையில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்துவிட்டார்கள். இவர் மண்டபம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு தானாகவே போய் முதல் பந்தியில் பரிமாறுவார். எனக்கு மானம் போகும். கடைசி எபிசோடில் (2013) டுவைட் கல்யாணத்துக்கு மைக்கேல் வந்து நிற்பார் பாருங்கள், என் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்பார். அழுது தொலைத்தேன். பெரியப்பா போய் அப்போது நாலு மாதம்.

தொடங்கியவர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி எபிசோடு வரிகளை மட்டும் விழுங்கிவிட்டேன். அவர் இப்போது எட்டாவது சீசனில் இருக்கிறார். ஏழிலேயே மைக்கேல் போய்விட்டதால் தினமும் முனகல், ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. “அந்த ஆள் திரும்ப வருவானாடா?” என்று நேற்றும் கேட்டார். எனக்குத் தெரியாதுப்பா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.